விலை கேட்டால் பதில் சொல்லும் நிரல்: ஒரு சின்ன வரலாறு

இந்தப் பக்கம் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. முதல்ல செமஸ்டர், அப்புறம் சித்தப்பா கடை. ஆணி கொஞ்சம் அதிகம்.

சித்தப்பாவுக்கு விருதுநகரில் மொத்த மளிகை வியாபாரம். காலையில் ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை அவர் காதிலிருந்து போன் இறங்காது. "அண்ணாச்சி, துவரம்பருப்பு இன்னிக்கு என்ன ரேட்டு?" "கடலை எண்ணெய் டின்னு ஏறிடுச்சா?" சுற்றுவட்டாரச் சில்லறைக் கடைக்காரர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி, அவர் சொல்வதும் ஒரே பதில். லீவில் கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு, "இதை ஒரு நிரல் சொல்லக் கூடாதா?" என்று தோன்றியது. கேள்வி வந்தால் விலையைத் தர வேண்டும், அவ்வளவுதான். கணினிக்காரர்கள் இதை வெப் ஏபிஐ சர்வர் என்கிறார்கள்.

நான் பி.காம். பையன். கணினி எல்லாம் பக்கத்து ரூம் நண்பனிடம் கற்றுக்கொண்டதுதான். "எந்த மொழியில எழுதறது?" என்று அவனிடம் கேட்டேன். "கோ மொழியில எழுதுடா. கம்பைல் ஆகி ஒரே ஃபைலா வரும்" என்றான். கம்பைல் ஆகாத மொழிகள்தானே சுலபம் என்றார்கள், பிறகு ஏன் இது என்று தேடப் போனேன். விலைப்பட்டியலை மறந்துவிட்டு மூன்று நாள் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இதற்கு எனக்கு உதவியது நம்ம காஸ்டிங் பாடம் என்றால் நம்புவீர்களா?

முதலில் ஒரு கணக்கு

காஸ்டிங்கில் முதல் வாரமே சொல்லித் தருவது நிலையான செலவு, மாறும் செலவு. கடை வாடகை நிலையான செலவு. ஒரு மூட்டை விற்றாலும் ஆயிரம் மூட்டை விற்றாலும் அது ஒன்றுதான். மூட்டைக்கு இவ்வளவு என்று தரும் ஏற்றுகூலி மாறும் செலவு. விற்க விற்க ஏறும்.

நிரல் மொழிகளும் இப்படித்தான். சி போன்ற மொழியில் எழுதினால், எழுதியதை முதலிலேயே முழுசாக இயந்திர மொழிக்கு மாற்றி வைத்துவிட வேண்டும். இதற்குத்தான் கம்பைல் என்று பெயர். அதற்கு நேரமும் உழைப்பும் ஒரு முறை போகும். அதன் பிறகு நிரல் வேகமாக ஓடும். பெர்ல், பிஎச்பி மாதிரியான ஸ்கிரிப்ட் மொழிகளில் அந்த முன்செலவு இல்லை. எழுதியவுடனே ஓடும். ஆனால் ஓடும்போது, பக்கத்தில் ஒரு துபாஷி உட்கார்ந்து மொழிபெயர்த்துச் சொல்வது போல ஒவ்வொரு முறையும் கூடுதல் வேலை உண்டு. முதலாவது நிலையான செலவு, இரண்டாவது மாறும் செலவு.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், சர்வர்களின் முப்பத்தைந்து வருடக் கதை ஒரு பிரேக் ஈவன் வரைபடம் போலத் தெரிகிறது. வாங்க, போவோம்.

டெலிபோன் டைரக்டரியில் ஆரம்பித்த கதை

1989 மார்ச்சில், சுவிட்சர்லாந்து எல்லையில் இருக்கும் செர்ன் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ ஒரு திட்ட அறிக்கை கொடுத்தார். 1990 இறுதிக்குள் உலகின் முதல் வெப் சர்வர் அவருடைய நெக்ஸ்ட் கணினியில் ஓட ஆரம்பித்தது. அந்த நிரல் எழுதப்பட்டது சி மொழியில். கணினி மேல் ஒரு காகிதத்தை ஒட்டி, இது சர்வர், யாரும் அணைக்காதீர்கள் என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார். அந்தக் கணினியை அணைத்திருந்தால் அன்றைய உலக வலையே அணைந்திருக்கும்!

ஆரம்ப கால எச்டிடிபி எவ்வளவு எளிமை தெரியுமா? கேட்பவர் 'கெட்' என்ற சொல்லையும் வேண்டிய பக்கத்தின் பெயரையும் ஒரே வரியில் அனுப்புவார். சர்வர் அந்தப் பக்கத்தை அனுப்பிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடும். வணக்கமும் கிடையாது, நலமா என்ற விசாரிப்பும் கிடையாது. காலையில் போன் பண்ணும் கடைக்காரர் மாதிரியேதான்: கேட்டார், சொன்னார், வைத்தார்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. செர்ன் ஊழியர்கள் இந்த வலையைத் திரும்பிப் பார்க்க வைத்தது பெரிய இயற்பியல் கட்டுரை எதுவும் இல்லை. டெலிபோன் டைரக்டரி! அது பெரிய மெயின்ஃபிரேம் கணினிக்குள் கிடந்தது. பெர்ண்ட் போலர்மன் என்ற சக ஊழியரோடு சேர்ந்து அதை வலை வழியாகத் தேடும்படி செய்தார் பெர்னர்ஸ்-லீ. பெயரைக் கேட்டால் எண் வரும். 1991 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்லாக் ஆய்வுக்கூடம் ஐரோப்பாவுக்கு வெளியே முதல் சர்வரை வைத்தது. அதுவும் ஒரு ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் தேடித் தருவதற்காகத்தான்.

ஆக, வெப் சர்வரின் முதல் பிழைப்பே கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுதான். அழகான பக்கம், படம், பாட்டு எல்லாம் பிறகு வந்தவை. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் இந்த மென்பொருளை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று பொதுச் சொத்தாக்கியது. அதன் பிறகு வலை வளர்ந்த வேகம் உங்களுக்கே தெரியும்.

ஒரு கல்லூரி மாணவனும் ஒரு சந்துவழியும்

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் என்சிஎஸ்ஏ என்ற மையம் இருக்கிறது. மொசைக் உலாவி பிறந்த இடம். அங்கே வேலை பார்த்த ராப் மெக்கூல் என்ற இளங்கலை மாணவர் 1993ல் என்சிஎஸ்ஏ எச்டிடிபிடி என்ற சர்வரை சி மொழியில் எழுதினார். (என் வயசுதான் இருக்கும். நான் இன்னும் அரியர் எழுதிக்கிட்டு இருக்கேன். விடுங்க.)

அந்தக் காலத்தில் சர்வர் ஏதாவது புதிய வேலை செய்ய வேண்டுமென்றால் சர்வர் நிரலையே திருத்தி, மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். இதற்கு ஒரு சந்துவழி கிடைத்தது. அதுதான் சிஜிஐ. சர்வர் தனியாக இருக்கும். கேள்வி வந்தால் வெளியே இருக்கும் வேறொரு நிரலை எழுப்பி, கேள்வியை அதன் கையில் கொடுக்கும். அந்த நிரல் எழுதித் தருவதை அப்படியே கேட்டவருக்கு அனுப்பும். வெளி நிரல் எந்த மொழியில் இருந்தாலும் சரி. இந்தக் கடைசி வரிதான் கதையையே திருப்பியது.

முதலில் பலர் சி மொழியிலேயே சிஜிஐ நிரல்கள் எழுதினார்கள். ஆனால் சி மொழியில் ஒரு வாக்கியத்தை இரண்டாக வெட்டுவதே பெரும்பாடு. லாரி வால் 1987ல் உருவாக்கிய பெர்ல் மொழியோ எழுத்துகளை வெட்டி ஒட்டுவதற்கென்றே பிறந்தது. எல்லாரும் பெர்லுக்குத் தாவினார்கள். 1994ல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் பயோடேட்டா பக்கத்தை யார் யார் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கச் சில சிஜிஐ நிரல்கள் எழுதினார். எழுதியது சி மொழியில்தான். 1995 ஜூனில் அவற்றை வெளியிட்டார். அவைதான் வளர்ந்து பிஎச்பி ஆயின. சி மொழியில் பிறந்த ஒன்று, சி மொழியே தெரியாதவர்களுக்குச் சோறு போட்டது.

நம்ம கணக்குக்கு வருவோம். 1995ல் ஒரு சாதாரணத் தளத்துக்கு ஒரு நாளில் எத்தனை பேர் வந்திருப்பார்கள்? விற்பனை குறைவாக இருக்கும்போது நிலையான செலவு அதிகமான முறையைத் தேர்ந்தெடுப்பவன் முட்டாள். ஸ்கிரிப்ட் மொழிகள் வென்றதற்கு முக்கியக் காரணம் இதுதான். மனிதனின் நேரம் அதிக விலை, வந்த கூட்டமோ குறைவு.

சிஜிஐயில் ஒரு ஊதாரித்தனமும் இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு புது நிரலை எழுப்பி, பதில் சொன்னவுடன் அதைக் கொன்றுவிட வேண்டும். ஒவ்வொரு வாடிக்கையாளர் வரும்போதும் ஒரு கணக்குப்பிள்ளையை வேலைக்குச் சேர்த்து, பில் போட்டவுடன் கணக்கு முடித்து அனுப்புவது போல. கூட்டம் வந்தால் ஆள் சேர்ப்பதிலேயே நேரம் போய்விடும். இதைச் சரிசெய்ய 90களின் நடுவில் ஃபாஸ்ட்சிஜிஐ மாதிரியான வழிகள் வந்தன. கணக்குப்பிள்ளையை நிரந்தரமாக்கிவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1994ல் மெக்கூல் என்சிஎஸ்ஏவை விட்டுப் போனார். சர்வரைக் கவனிக்க ஆளில்லை. பயன்படுத்தியவர்கள் அவரவர் ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். 1995 பிப்ரவரியில் அவர்களில் எட்டுப் பேர் சேர்ந்து அந்த ஒட்டுகளை ஒன்றாக்கினார்கள். அதுதான் அப்பாச்சி. அடுத்த ஏப்ரலில், அதாவது 1996ல், உலகத்திலேயே அதிகம் பயன்படும் சர்வர் அதுதான். அதுவும் சி. கவனியுங்கள், வாசலில் நிற்கும் சர்வர் கடைசி வரை கம்பைல் ஆன சி மொழியில்தான் இருந்தது. உள்ளே பதில் தயாரிக்கும் ஆள்தான் ஸ்கிரிப்டுக்கு மாறினார்.

சி மொழியை ஏன் பயந்தார்கள்?

சோம்பல் மட்டும் காரணம் இல்லை. பயமும் ஒரு காரணம்.

1988 நவம்பர் 2. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் ஏவிய புழு, இணையத்தில் இருந்த கணினிகளை முடக்கியது. அது நுழைந்த வழிகளில் ஒன்று ஃபிங்கர் என்ற குட்டி சர்வர். யாராவது ஒரு பயனர் பெயரைக் கேட்டால் அவர் விவரம் சொல்லும். நம்ம விலை சொல்லும் நிரலுக்குத் தாத்தா என்றே சொல்லலாம். கேள்வி வைக்க அது ஒதுக்கிய இடம் 512 பைட். அதைவிடப் பெரிதாக யாராவது அனுப்பினால்? சி மொழி தடுக்காது. மிச்சம் பக்கத்து நினைவகத்தில் வழியும். அந்த வழிந்த பகுதியிலேயே தன் கட்டளைகளை வைத்து அனுப்பியது புழு.

இது பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2001 ஜூலையில் கோட் ரெட் புழு இதே வகை ஓட்டை வழியாக மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் சர்வரில் புகுந்தது. ஜூலை 19 அன்று 14 மணி நேரத்துக்குள் 3,59,000க்கும் மேற்பட்ட கணினிகளில் பரவியது. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற சி நிரல், கேட்பவர் சொன்ன நீளத்தைச் சரிபார்க்காமல் நம்பியது. கேட்டவருக்குத் தன் நினைவகத்திலிருந்து ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்தது. கடவுச்சொல் என்ன, ரகசியச் சாவி என்ன, எது கையில் வந்ததோ அது.

காஸ்டிங் மொழியில் சொன்னால், சி மொழியில் எழுதுவதன் நிலையான செலவில் இந்த ஆபத்தும் சேரும். கவனமான ஆட்கள் வேண்டும், ஒரு சின்ன மறதிக்குப் பெரிய நட்டம். சின்னக் கடைக்கு அது கட்டுப்படியாகாது.

இடையில் ஜாவா வந்ததை மறைக்கக் கூடாது. 1995ல் வெளிவந்தது. பாதி கம்பைல், பாதி ஓடும்போது. இந்த நினைவகக் கோளாறுகளை அது தடுத்தது. வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் அதைத்தான் பிடித்துக்கொண்டன. ஆனால் அன்றைக்கு ஜாவாவில் ஒரு சின்ன சர்வர் வைப்பது, கீரைக்கடைக்கு ஆடிட்டர் வைப்பது மாதிரி ஒரு கனமான ஏற்பாடு.

கேட்பவர் மனிதர் இல்லை

2000ஆம் ஆண்டு வாக்கில் இன்னொரு மாற்றம். அதுவரை பதிலைப் படித்தது மனிதர்கள். இனிமேல் நிரல்களும் படிக்கட்டும் என்று சேல்ஸ்ஃபோர்ஸ், ஈபே போன்ற நிறுவனங்கள் அந்த வருடமே ஏபிஐக்களைத் திறந்தன. 2002ல் அமேசான். அதே 2000ல் ராய் ஃபீல்டிங் தன் முனைவர் பட்ட ஆய்வில் ரெஸ்ட் என்ற கட்டமைப்பை விவரித்தார். இவர் எச்டிடிபி எழுதியவர்களில் ஒருவர், அப்பாச்சியின் எட்டுப் பேரிலும் ஒருவர்! அவர் சொன்னதை என் அளவுக்குச் சுருக்கினால் இதுதான்: ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முகவரி கொடு, கெட் போல ஏற்கெனவே இருக்கும் சொற்களாலேயே அதைக் கையாளு, ஒவ்வொரு கேள்வியும் தன்னளவில் முழுமையாக இருக்கட்டும்.

பதிலை எந்த வடிவில் அனுப்புவது? முதலில் எக்ஸ்எம்எல். ஒரு விலை சொல்ல நாலு அடைப்புக்குறி. 2001ல் டக்ளஸ் கிராக்ஃபோர்ட், ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குள் ஏற்கெனவே இருந்த ஒரு எழுத்து முறையை எடுத்து, ஜேசான் என்று பெயரிட்டுப் பரப்பினார். பொருள், விலை, அலகு என்று பெயரும் மதிப்புமாக அடுக்கினால் போதும். கையால் எழுதினாலும் புரியும்.

இங்கேதான் நம்ம வரைபடம் திரும்புகிறது. மனிதன் ஒரு பக்கத்தைப் பார்த்துப் படித்து அடுத்ததைச் சொடுக்கக் கொஞ்ச நேரம் ஆகும். நிரலோ நொடிக்கு நூறு முறை கேட்கும், சலிக்காது. செல்போன் ஆப்கள் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். விற்பனை அளவு எகிறினால் மாறும் செலவுதான் ஆளைக் கொல்லும்.

ஃபேஸ்புக்தான் இதற்குப் பாடப்புத்தக உதாரணம். பிஎச்பியில் வளர்ந்த நிறுவனம். 2010 பிப்ரவரியில் அதற்கு 40 கோடி பயனர்கள். அந்த மாதம் ஹிப்ஹாப் என்ற கருவியை வெளியிட்டது. பிஎச்பியில் எழுதியதை சி++ ஆக மாற்றிக் கம்பைல் செய்துவிடும் கருவி அது. சர்வர்களின் சிபியு உழைப்பு சராசரியாகப் பாதியளவு குறைந்தது என்றார்கள். பாதி! ஒரு கட்டடம் முழுக்க சர்வர் வைத்திருப்பவனுக்கு அது எவ்வளவு கரண்ட் பில் என்று நினைத்துப் பாருங்கள். பிரேக் ஈவன் புள்ளியைத் தாண்டியவன் நிலையான செலவுக்குத் தயாராகிறான். நம்ம புத்தகத்தில் இருப்பது அப்படியே.

வாசல் பக்கமும் நெருக்கடிதான். ஒரே கணினி பத்தாயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் பதில் சொல்ல முடியுமா என்று 1999ல் டேன் கெகல் கேட்டு எழுதினார். அதற்குப் பதிலாக வந்தவற்றில் முக்கியமானது, ரஷ்யாவின் இகோர் சிசோயெவ் 2004ல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ். அதுவும் சி.

45 நிமிடக் காத்திருப்பு

2007 செப்டம்பர். கூகுளில் ராப் பைக் ஒரு பெரிய சி++ நிரலைக் கம்பைல் செய்யக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். கூகுளின் கணினிப் படையே சேர்ந்து செய்தாலும் 45 நிமிடம். நிலையான செலவு என்றால் இதுதான்! அந்த மாதம் அவரும் ராபர்ட் கிரீஸ்மரும் கென் தாம்சனும் ஒரு வெள்ளைப் பலகையில் புது மொழிக்குக் கோடு போட்டார்கள். யுனிக்ஸை உருவாக்கிய அதே கென் தாம்சன்தான். 2009 நவம்பர் 10 அன்று கோ வெளியானது. 2012 மார்ச்சில் முதல் நிலையான பதிப்பு.

அவர்கள் செய்ததை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். சி மொழியின் குறைந்த மாறும் செலவையும் ஸ்கிரிப்ட் மொழியின் குறைந்த நிலையான செலவையும் ஒரே கடையில் வைக்கப் பார்த்தார்கள். கம்பைல் செய்ய சில நொடிகள். பட்டியலின் எல்லையைத் தாண்டிப் படிக்கப் போனால் மொழியே நிறுத்திவிடும், மோரிஸ் புழு வந்த வழி அடைபட்டது. நினைவகத்தைக் கூட்டிப் பெருக்க ஆள் உள்ளேயே உண்டு. சி அளவுக்கு வேகம் வராதுதான், ஆனால் ஸ்கிரிப்டுகளை விட எவ்வளவோ மேல். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கோரூட்டின் தனியாகக் கவனிக்கும். அது மிக லேசான கணக்குப்பிள்ளை, தொடங்கும்போது எடுத்துக்கொள்ளும் இடம் ரெண்டு கிலோபைட்தான். ஆயிரக்கணக்கில் வைத்தாலும் சம்பளம் உறுத்தாது.

முக்கியமாக, எச்டிடிபி சர்வர் மொழியோடு கூடவே வரும். தனியாக அப்பாச்சி வேண்டாம், சிஜிஐ வேண்டாம். 1993ல் வாசலுக்கும் உள்ளறைக்கும் நடுவே எழுப்பிய சுவரை இடித்து, மறுபடி ஒரே நிரலாக்கிவிட்டார்கள். கூகுள் தன் தரவிறக்கத் தளத்துக்குப் பயன்படுத்திய சி++ சர்வரையே கோ மொழியில் மாற்றி எழுதியது. 2013ல் வந்த டாக்கர், 2014ல் வந்த குபர்நெட்டிஸ் எல்லாம் கோ. (ரஸ்ட் என்று இன்னொரு மொழி 2015ல் முதல் பதிப்பு கண்டது. சுத்தம் செய்யும் ஆளே இல்லாமல் அதே பாதுகாப்பைத் தருகிறது. கற்றுக்கொள்ளும் செலவு அதிகம் என்று நண்பன் பயமுறுத்திவிட்டதால் இன்னும் தொடவில்லை.)

சித்தப்பா கடை சர்வர்

நான் எழுதியது மொத்தம் நூறு வரிக்குள்தான். பொருளுக்கு ஒரு வார்ப்பு: பெயர், அலகு, விலை. விலையைப் பைசாவில் முழு எண்ணாக வைத்தேன். தசமப் புள்ளியில் வைத்தால் கணினி இரும எண்ணில் தோராயமாகத்தான் வைக்கும், கணக்கு மாணவன் அதை ஒத்துக்கொள்ள முடியுமா? பிறகு முகவரிக்கு ஒரு செயல்பாடு: 'விலை' என்று கேட்டால் முழுப் பட்டியல், பொருளின் எண்ணோடு கேட்டால் அது மட்டும், இல்லாத எண்ணைக் கேட்டால் 404. 2024 பிப்ரவரியில் வந்த 1.22 பதிப்பிலிருந்து இந்த முகவரி வேலைக்குக்கூட வெளி நூலகம் வேண்டியதில்லை. கடைசியாக 8080 வாசலில் காது கொடு என்று ஒரு வரி. கம்பைல் செய்தால் ஏழெட்டு எம்பிக்கு ஒரே ஃபைல். வாடகை சர்வரில் கொண்டுபோய் வைத்தால் ஓடியது. சந்தோஷம் தாங்கவில்லை.

அரை மணி நேரம்தான். சித்தப்பா போனைக் காட்டினார். "என்னப்பா இது, துவரம்பருப்பை எலி கடிச்சிருக்கு?" 'துவரம்' என்று வந்து, அதற்குப் பிறகு கறுப்பு வைரத்துக்குள் ரெண்டு கேள்விக்குறி.

தப்பு என்னுடையது. பெயர் நீளமாக இருந்தால் 20 எழுத்தோடு வெட்டு என்று எழுதியிருந்தேன். ஆனால் நான் வெட்டியது 20 பைட். யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். 'துவரம்' வரைக்கும் 18 பைட் ஆகிவிட்டது. அடுத்த 'ப'வில் ரெண்டு பைட்டை மட்டும் விட்டுவிட்டு ஒன்றை அறுத்துவிட்டேன். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்த யுடிஎஃப்-8 முறையை 1992 செப்டம்பரில் நியூஜெர்சியின் ஒரு சாப்பாட்டுக் கடையில், மேசை விரிப்புக் காகிதத்தில் எழுதி வடிவமைத்தவரும் கென் தாம்சன்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தது ராப் பைக். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு தமிழ் எழுத்துருவை இறக்கிப் படித்த காலத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தத் தொல்லை இல்லாமல் துவரம்பருப்பு இன்று துவரம்பருப்பாகவே போவதற்கு அந்தக் காகிதமும் ஒரு காரணம். பைட்டுக்குப் பதிலாக எழுத்தைப் பார்த்து வெட்டியதும் சரியானது.

ரெண்டாவது தப்பு இன்னும் மோசம். விலையை மாற்ற ஒரு பக்கம் வைத்திருந்தேன். ஒரு காலை, கடையில் ரெண்டு பேர் ஒரே நேரத்தில் விலை மாற்றும்போது சர்வர் மொத்தமாகப் படுத்துவிட்டது. பட்டியலை ஒரே நேரத்தில் ரெண்டு கோரூட்டின் திருத்த வந்தால், கணக்கு குழம்புவதைவிட நின்றுவிடுவது மேல் என்று கோ நிரலையே நிறுத்திவிடும். ஒரே பேரேட்டில் ரெண்டு கணக்குப்பிள்ளை ஒரே சமயத்தில் எழுதலாமா? பேனா ஒருவர் கையில் இருக்கும்போது மற்றவர் காத்திருக்க ஒரு பூட்டுப் போட்டேன். கம்பைலர் பல தப்புகளைப் பிடிக்கும், இதைப் பிடிக்காது. மொழி எவ்வளவு நல்லதானாலும் கடையை ஒழுங்காக நடத்துவது நம்ம பொறுப்புதான்.

கடைசியாக ஒரு கேள்வியை நானே கேட்டுக்கொள்ள வேண்டும். சித்தப்பா கடைக்கு ஒரு நாளில் வரும் கேள்வி சில நூறு. நம்ம பிரேக் ஈவன் கணக்குப்படி பிஎச்பியே போதுமே? போதும்தான். வேகத்துக்காக இதைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொன்னால் அது பொய். நான் செப்டம்பரில் காலேஜ் போய்விடுவேன். அங்கே கணினி தெரிந்த ஆள் இல்லை. ஒரே ஃபைல், சேர்ந்து நிறுவ வேறு எதுவும் இல்லை, பதிப்பு மாறிப் போச்சு என்ற தொல்லை குறைவு. பராமரிப்புதான் அந்தக் கடைக்கு உண்மையான மாறும் செலவு. எழுதுபவன் நேரம், இயந்திரத்தின் நேரம் என்று ரெண்டு பத்தியில் கணக்கெழுதிய வரலாறு முழுக்க மூன்றாவது பத்தி ஒன்று ஒளிந்திருக்கிறது: எழுதியவன் போன பிறகு பார்த்துக்கொள்பவனின் நேரம். மெக்கூல் போன பிறகு என்சிஎஸ்ஏ சர்வருக்கு நடந்தது ஞாபகம் இருக்கிறதா? அங்கே எட்டுப் பேர் கிடைத்தார்கள். சித்தப்பாவுக்கு யார் கிடைப்பார்கள்?

இப்போது காலையில் போன் குறைந்திருக்கிறதா என்று கேட்பீர்கள். பாதி குறைந்திருக்கிறது. மீதிப் பேர் இன்னும் கூப்பிடுகிறார்கள். "விலைதான் போன்லயே தெரியுதே அண்ணே, அப்புறம் ஏன்?" என்று ஒருவரிடம் கேட்டேன். "விலை தெரியும் தம்பி. அண்ணாச்சிகிட்ட கேட்டாத்தான் ரெண்டு ரூபா குறையும்" என்றார்.

அதற்கு இன்னும் ஏபிஐ எழுதவில்லை :-)

பி.கு: கணினித் துறை நண்பர்கள் யாராவது தப்பு கண்டுபிடித்தால் திட்டாமல் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன். காஸ்டிங் வாத்தியார் யாராவது படித்தால், இன்டர்னல் மார்க்கில் கொஞ்சம் கருணை காட்டுங்கள்.